இரண்டு புதுக் கார் தருகிறோம் என்றார்கள்; பழையதே போதும் என்றார்!

"உங்கள் பழைய காரைக் கொடுத்துவிடுங்கள், இரண்டு புதுக் கார் தருகிறோம்" என்று அந்தக் காரைச் செய்த கம்பெனியே வந்து கேட்டால், வேண்டாம் என்று சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? கேட்டது சாதாரணக் கம்பெனியும் அல்ல. ஜெர்மனியின் மெர்சிடிஸ் பென்ஸ். திருவனந்தபுரம் பட்டம் அரண்மனையில் வாழ்ந்த பெரியவர் ஒருவர், அப்படி வந்த பேச்சை மறுத்துவிட்டுத் தம் பழைய காரையே தொடர்ந்து வைத்திருந்தார் என்பது அந்தக் காரைப் பற்றிப் பேசும் எல்லோரும் சொல்லும் செய்தி.

அவர் உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா. திருவிதாங்கூரின் கடைசி மகாராஜாவான சித்திரைத் திருநாள் பலராம வர்மாவின் தம்பி. கார், 1955-ஆம் ஆண்டு பென்ஸ் 180. பதிவு எண் சி.ஏ.என். 42. கன்னட நாட்டில் பதிவான வண்டி. அன்றைய விலை 12,000 ரூபாய். இன்று இந்தத் தொகைக்குப் பென்ஸ் காரின் ஒரு டயர் வாங்குவதே கஷ்டம். ஆனால் அன்று தங்கம் சவரன் 70 ரூபாய்க்கும் கீழே விற்றது. 170 சவரனுக்கு மேல் கொடுத்து வாங்கிய கார் என்றால் அதன் மதிப்பு புரியும்.

அந்தக் கார் வாங்கப்பட்டபோது கேரளம் என்ற மாநிலமே பிறக்கவில்லை. திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யம் இருந்தது. அண்ணன் பலராம வர்மா அதன் ராஜப்பிரமுகராக இருந்தார். நாகர்கோவிலும் தக்கலையும் செங்கோட்டையும் அந்த ராஜ்யத்தோடு சேர்ந்திருந்தன. தேவிகுளம், பீர்மேடு எந்தப் பக்கம் என்று தமிழர்கள் கிளர்ச்சி செய்துகொண்டிருந்த நேரம் அது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி எல்லைகள் மாறின. குமரி இங்கிருந்து அங்கே போயிற்று. தேவிகுளமும் பீர்மேடும் இங்கேயே நின்றன. ராஜப்பிரமுகர் பதவியும் மறைந்தது. இத்தனைக்கும் சாட்சியாக இருந்த வண்டி சி.ஏ.என். 42.

இளையராஜா என்ற பட்டம்

இளையராஜா என்றால் இன்று நமக்கு இசைதான் நினைவுக்கு வரும். திருவிதாங்கூரில் அந்தச் சொல் பட்டத்துக்கு அடுத்த வாரிசைக் குறித்தது. 1922 மார்ச் 22-ஆம் தேதி பிறந்த மார்த்தாண்ட வர்மா நெடுங்காலம் இளையராஜாவாகவே இருந்தார். 1991-ல் அண்ணன் மறைந்த பிறகு அவர் குடும்பத்தின் தலைவரானபோது வயது 69. ஆள நாடு இல்லை. மன்னர் மானியமும் 1971-லேயே ஒழிக்கப்பட்டுவிட்டது. மிஞ்சியது ஸ்ரீ பத்மநாபசுவாமிக்குச் செய்யும் ஊழியம் ஒன்றுதான்.

நாடு போன இளவரசர்கள் பலர் என்ன செய்வது என்று தெரியாமல் நின்ற காலத்தில் இவர் வேலைக்குப் போனார், வணிகம் செய்தார். தொழில் காரணமாகப் பெங்களூரில் பல காலம் இருந்தார். திருவனந்தபுரத்துக்கும் பெங்களூருக்கும் சாலை வழியாக 400 மைலுக்கு மேல் இருக்கும். ஆரல்வாய்மொழி, ஆரியங்காவு, பாலக்காடு என்று ஏதாவது ஒரு கணவாயைத் தாண்டித்தான் போக வேண்டும். இன்று நான்கு வழிச் சாலையில் போகிறவர்களுக்கு அந்தக் காலத்துச் சாலை எப்படி இருந்தது என்பது தெரிய நியாயமில்லை. குண்டும் குழியும், வண்டி மாடுகளும், மழைக்காலத்தில் தண்ணீர் புரளும் தரைப்பாலங்களும் நிறைந்த பாதை அது.

புகைப்படம் எடுப்பதிலும் கார் ஓட்டுவதிலும் அவருக்கு அபாரப் பிரியம். டிரைவரை ஓட்டச் சொல்லிப் பின்னால் சாய்ந்து உட்காரும் ராஜாக்களின் வகையைச் சேர்ந்தவரல்லர். 38 வயதில், நிமிடத்துக்கு ஒரு மைல் என்ற வேகத்தில் பறப்பவர் என்று பெயர் வாங்கியிருந்தார். மணிக்கு 60 மைல், அதாவது 96 கிலோமீட்டர். இப்போது இதைக் கேட்டால் கல்லூரிப் பையன்கள் சிரிப்பார்கள். 1960-ஆம் ஆண்டுச் சாலையில், அந்தக் காலத்துப் பிரேக்கை நம்பி, அந்த வேகத்தில் போய்ப் பார்த்தால் சிரிப்பு வராது.

அலங்காரம் இல்லாத கார்

பென்ஸ் என்றதும் மினுமினுப்பும் ஆடம்பரமும் கண்முன் வரும். 180 அந்த வகை அல்ல. 1953-ல் அது வெளிவந்தபோது, யுத்தத்தில் குண்டுவீச்சுக்கு ஆளான தொழிற்சாலைகளை அந்தக் கம்பெனி சீர்செய்து எழுந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அதற்கு முந்தைய பென்ஸ் கார்களில், லாரியைப் போல அடியில் தனிச் சட்டம் இருக்கும். அதன்மேல் கூண்டைத் தூக்கி வைப்பார்கள். 180-ல்தான் அந்தக் கம்பெனி கூண்டையும் சட்டத்தையும் ஒன்றாக்கியது. தனியாகத் துருத்திக்கொண்டிருந்த மட்கார்டுகளும் மறைந்து, பக்கவாட்டு வழவழப்பாயிற்று. ஓடுவதற்கான கார், பார்ப்பதற்கானது அப்புறம்தான்.

பெட்ரோல் வண்டியின் எஞ்சின் 1,767 சி.சி.; ஆரம்பத்தில் அதன் சக்தி 52 குதிரைத் திறன் மட்டுமே. டீசல் வண்டிக்கு அதுவும் இல்லை, வெறும் 40. இன்றைய சின்ன மாருதி காருக்கே அதைவிட அதிகம் உண்டு. நாலு கியர். கியர் கம்பு ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும். பழைய அம்பாசடர் ஓட்டியவர்களுக்கு இது புரியும். ஜெர்மனியில் டீசல் 180-ஐ அதிகம் விரும்பியவர்கள் டாக்ஸிக்காரர்கள். எத்தனை வருஷம் ஓட்டினாலும் மூச்சு விடாது, டீசலும் குறைவாகவே குடிக்கும் என்பதுதான் காரணம்.

மெக்கானிக்குகளின் மனத்தைக் கவர்ந்த விஷயம் ஒன்று உண்டு. முன்பக்கத்தில் எஞ்சினையும் சக்கரங்களின் தாங்கு உறுப்புகளையும் சேர்த்து ஒரு சின்னத் துணைச் சட்டத்தில் அமைத்திருந்தார்கள். ரப்பர் தாங்கிகள் நடுவில் இருப்பதால் சாலையின் அதிர்ச்சி உள்ளே அவ்வளவாக ஏறாது. பெரிய பழுது வந்தால் அந்த முன்பகுதி முழுவதையும் மொத்தமாகக் கழற்றி இழுத்துவிடலாம். கெட்டுப்போகாத கார் எங்கும் இல்லை. கெட்டால் பிரித்து, சரிசெய்து, மறுபடி பூட்டி ஓட்டலாம் என்று நினைத்துச் செய்யப்பட்ட கார்தான் ஐம்பது, அறுபது ஆண்டு நிற்கும். கம்ப்யூட்டர் வைத்துச் செய்யும் இன்றைய கார்களில் எது 2085-ல் ஓடிக்கொண்டிருக்கும் என்று பந்தயம் கட்டச் சொன்னால், விஷயம் தெரிந்த எந்த மெக்கானிக்கும் கை நீட்ட யோசிப்பார்.

நம் மக்களுக்குப் பென்ஸின் மூன்று முனை நட்சத்திரம் முதலில் அறிமுகமானது காரில் அல்ல, லாரியிலும் பஸ்ஸிலும்தான். 1954 முதல் ஜாம்ஷெட்பூரில் டாட்டா கம்பெனி, பென்ஸ் கூட்டுறவோடு லாரி செய்தது. 1969-ல் அந்தக் கூட்டு முடியும் வரை அந்த வண்டிகளின் முகத்தில் நட்சத்திரம் இருந்தது. வாளையாறு வழியாகவும் போடி மெட்டு வழியாகவும் அரிசியும் ஏலக்காயும் ஏற்றிப்போன தலைமுறையில் 'பென்ஸ் லாரி' என்ற பேச்சு அதற்குப் பிறகும் வெகுகாலம் ஓயவில்லை. ஆனால் அந்த நட்சத்திரம் பதித்த கார், ராஜாவும் தூதரும் பெரும் பணக்காரரும் மட்டும் வைத்திருந்த பொருள். 1950-களில் சர்க்கார் வெளிநாட்டுக் கார்களின் வரவை இறுக்கிப் பிடித்தது. அம்பாசடர், பியட், ஸ்டாண்டர்டு என்று மூன்று பெயருக்குள் நாடு அடங்கிப்போயிற்று. பென்ஸ் கார்கள் நம் நாட்டிலேயே பூட்டப்பட்டு விற்பனைக்கு வந்தது 1995-ல், பூனாவில்.

அதாவது, 1955-ல் பென்ஸ் வாங்கிய ஒருவர் அதற்கப்புறம் 40 வருஷம் உதிரி பாகத்துக்கு வெளிநாட்டைத்தான் நம்பியிருக்க வேண்டும். அல்லது உள்ளூர் லேத் பட்டறையை நம்ப வேண்டும். அந்தக் காலத்தில் வெளிநாட்டுக் கார் வைத்திருந்தவர்களில் பாதிப் பேர் சலித்துப்போய் வண்டியை ஷெட்டில் நிறுத்தினார்கள். மீதிப் பேர் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். அந்த 40 வருஷத்தையும் தாண்டி ஒரு காரை ஓட வைத்திருப்பதற்குப் பணம் மட்டும் போதாது. எந்தச் சத்தம் சரியான சத்தம், எது தப்பான சத்தம் என்று காது பிரித்தறிய வேண்டும். அந்தக் காரில் கிரீஸ் வைக்க வேண்டிய இடங்கள் பல. ஒன்றை மறந்தாலும் தேய்மானம் ஆரம்பித்துவிடும். ஆசையால் கார் வாங்குகிறவர்கள் ஆயிரம் பேர். கிரீஸ் வைக்கிற பொறுமை உள்ளவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

23 லட்சம் மைல்

இனி கணக்குக்கு வருவோம். மார்த்தாண்ட வர்மா தம் ஆயுளில் 40 லட்சம் மைல் கார்ப் பயணம் செய்தவர் என்றும், அதில் 23 லட்சம் மைல் இந்த ஒரே பென்ஸில் என்றும் சொல்கிறார்கள். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீருக்கு ஏறத்தாழ ஆயிரம் தடவை போகிற தூரம் அது. நிலவுக்கு ஐந்து முறை போய்வரும் தூரத்துக்கு அருகில் வரும்.

வாங்கிய 1955 முதல் அவர் மறைந்த 2013 வரை 58 ஆண்டு. வகுத்துப் பார்த்தால் ஒரு நாள் தவறாமல் 108 மைல் வருகிறது. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் போய்த் திரும்பி, மறுபடியும் பாறசாலை வரை போனால் ஏறக்குறைய அவ்வளவு தூரம் ஆகும். தினமும், 58 வருஷம்! தொண்ணூறு வயதுப் பெரியவர் ஒருவரின் வாழ்க்கையோடு இதைப் பொருத்திப் பார்த்தால், கணக்கு வாத்தியார்கள் சற்றுப் புருவத்தை உயர்த்தவே செய்வார்கள். பெங்களூர்ப் பயணங்கள் மிகுந்த இளம் பருவத்தில் அதிகம் ஓடியிருக்கும், பிற்காலத்தில் குறைந்திருக்கும். இதில் பாதிதான் உண்மை என்று எடுத்துக்கொண்டாலும் சாதாரணக் கார்கள் மூன்று நான்கு சாக வேண்டிய தூரம் அது. நெடுந்தூரம் ஓடிய வண்டிகளுக்கு பென்ஸ் கம்பெனி கொடுக்கும் பதக்கங்களை அவர் காரின் முகப்பில் பதித்திருந்தார். ஒரு லட்சம் கிலோமீட்டர், இரண்டரை லட்சம், ஐந்து லட்சம், பத்து லட்சம் என்று படிப்படியாக அந்தக் கம்பெனி பதக்கம் கொடுப்பது வழக்கம்.

உலகில் இதற்கு ஒப்பிட ஒரு கார் உண்டு. கிரேக்க நாட்டு டாக்ஸி டிரைவர் கிரிகோரியோஸ் சாச்சினிதிஸ், 1976-ஆம் ஆண்டு பென்ஸ் 240 டீசல் கார் ஒன்றை 1981-ல் பழைய வண்டியாக வாங்கினார். எஞ்சினை மாற்றி மாற்றிப் பூட்டி 46 லட்சம் கிலோமீட்டர் ஓட்டினார். 2004-ல் அதை அவர் பென்ஸ் கம்பெனியின் மியூசியத்துக்குக் கொடுத்தார். கம்பெனி பதிலுக்கு ஒரு புதுக் கார் கொடுத்தது. கிரேக்கத்துக்காரர் செய்தது நியாயம். அது அவருடைய பிழைப்பு. பழையது போனால் புதியதில் சவாரி ஏற்ற வேண்டும். நம் இளையராஜாவுக்கோ அதே பேரம் இரட்டிப்பாக வந்தது. ஸ்டூட்கார்ட்டில் கண்ணாடிக்குப் பின்னால் போய் நிற்கும் பெருமையும் கூடவே காத்திருந்தது. அவர் அசையவில்லை.

ஏன் அசையவில்லை என்பதற்குப் பல பேர் பல விதமாகச் சொல்லலாம். சொந்தமாகப் பத்துக் கார் வைத்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒன்றை எடுத்துத் துடைத்து வெளியே நிறுத்தும் பிரியம் வேறு. ஒரே காரோடு முதுமை அடையும் பிரியம் வேறு. முதலாவதைக் குறை சொல்வதற்கில்லை. கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடுவின் குடும்பத்தார் அவினாசி சாலையில் 2015-ல் திறந்த கார் மியூசியத்தில் பழைய வண்டிகள் நாடுவாரியாக வரிசையாக நிற்கின்றன. பாலக்காட்டிலிருந்து காலையில் புறப்பட்டால் பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்பிவிடலாம், பார்க்க வேண்டிய இடமும்கூட. ஆனால் மார்த்தாண்ட வர்மாவின் பிரியம் இரண்டாவது வகை. காரை மாற்றுவது என்ற யோசனையே அங்கே பொருந்தாது.

நிலவறையும் கராஜும்

2011-ல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி பத்மநாபசுவாமி கோயிலின் நிலவறைகள் திறக்கப்பட்டபோது உலகமே திரும்பிப் பார்த்தது. ஒரு லட்சம் கோடி என்று பத்திரிகைகள் எழுதின. தங்கக் காசு, மாலை, ரத்தினம் என்று நாள்தோறும் பட்டியல் நீண்டது. அப்போது குடும்பத்தின் தலைவராக இருந்தவர் 89 வயது மார்த்தாண்ட வர்மா. 1750-ல் அதே பெயர் கொண்ட முன்னோர் நாட்டையே சுவாமிக்கு எழுதிக்கொடுத்து, தம்மைப் பத்மநாபதாசன் என்று அழைத்துக்கொண்டார். அன்று முதல் அந்தக் குடும்பத்துக்குச் சொத்து சுவாமியினுடையது, அவர்கள் ஊழியர்கள். கோயிலைவிட்டு வெளியே வரும்போது காலில் ஒட்டிய மண்ணையும் தட்டிவிட்டு வருவது அவர்கள் வழக்கம் என்று சொல்வார்கள்.

கோயில் நிர்வாகம் யாருக்கு என்ற வழக்கு அவர் காலத்தில் முடியவில்லை. 2020 ஜூலையில்தான் உச்ச நீதிமன்றம், குடும்பத்தின் உரிமையை ஏற்றுத் தீர்ப்பளித்தது. அந்த வழக்கின் சரி தப்பு இங்கே பேச்சல்ல. கவனிக்க வேண்டியது ஒன்று. நிலவறையில் இருந்தது அவருடையதல்ல என்பது அவர் கொள்கை. கராஜில் இருந்த பழைய பென்ஸோ அவருடையதே. தமது என்று அவர் யாருக்காவது கொடுக்கக் கூடிய பொருள்களில் மிகவும் பிரியமானது அதுவாகத்தான் இருந்திருக்கும்.

அதை அவர் யாருக்குக் கொடுக்க நினைத்தார்? மகனுக்கு அல்ல, மருமகன் வழிக்கும் அல்ல. திருச்சூர் மாவட்டம் நாட்டிகையில் பிறந்து, வளைகுடாவுக்குப் போய், லுலு கடைகளைப் பரப்பிய எம்.ஏ. யூசுப் அலிக்கு! அபுதாபிக்கு ஒருமுறை போயிருந்தபோது தம்மை வரவேற்று உபசரித்த யூசுப் அலியோடு அவருக்கு நட்பு ஏற்பட்டது. 2012-ல் அவரைப் பட்டம் அரண்மனைக்கு வரவழைத்து, இந்தக் கார் உங்களுக்குத்தான் என்று தெரிவித்தார். யூசுப் அலி பிறந்த ஆண்டும் 1955 தான். காரும் அவரும் ஒரே வயது.

உலகத்தில் எந்தக் காரையும் நினைத்த மாத்திரத்தில் வாங்கக் கூடியவருக்கு ஒரு பழைய காரைக் கொடுப்பது விந்தையாகத் தோன்றலாம். யோசித்தால் அதில் ஒரு விவரம் இருக்கிறது. இந்த வண்டியை விற்றுக் காசு பார்க்க வேண்டிய தேவை இல்லாதவர், அதை ஓடும் நிலையில் வைத்திருக்க எவ்வளவு செலவானாலும் முகம் சுளிக்காதவர் கையில் அது இருப்பது நல்லது என்று ஒரு தொண்ணூறு வயதுக்காரர் நினைத்திருந்தால் அதைத் தவறென்று சொல்ல முடியாது. பிள்ளைகளுக்குப் பாகப் பிரிவினையில் வீடு தருகிறோம், நிலம் தருகிறோம். கிரீஸ் வைக்க வேண்டிய பொருளை யாருக்குத் தருவது என்பது அதைவிடக் கஷ்டமான கேள்வி.

2013 டிசம்பர் 16-ஆம் தேதி மார்த்தாண்ட வர்மா காலமானார். வயது 91. கார் அதற்குப் பின்னும் சில ஆண்டுகள் குடும்பத்தார் பாதுகாப்பிலேயே இருந்தது. ஏழெட்டு ஆண்டு கழித்து, தந்தையின் விருப்பப்படி அதை யூசுப் அலியிடம் ஒப்படைக்க மகன் தீர்மானித்திருக்கிறார் என்ற செய்தி பத்திரிகைகளில் வந்தது. வாக்குக் கொடுத்தவர் போன பிறகும் வாக்கு நின்றது.

இத்தகைய வண்டிகளுக்கு இப்போது தனிச் சட்டமும் வந்திருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய சர்க்கார் கொண்டுவந்த விதிகளின்படி, 50 ஆண்டு கடந்து, பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் பழைய உருவத்திலேயே இருக்கும் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் பாரம்பரிய வாகனம் என்று தனியாகப் பதிந்துகொள்ளலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பத்து ஆண்டுக்குச் செல்லும். சி.ஏ.என். 42 வாங்கிய விலையைவிடப் பதிவுக் கட்டணம் அதிகம்! ஏற்கனவே எண் உள்ள வண்டிகள் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம் என்பது நல்ல ஏற்பாடு. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கு, பழைய கார் ஊர்வலத்துக்கு, பெட்ரோல் போட, பழுது பார்க்க, இவற்றுக்கு மட்டுமே சாலையில் இறக்கலாம்.

ஒரு நாளைக்கு 108 மைல் ஓடியதாகச் சொல்லப்படும் கார் இந்த விதியின் கீழ் பதிவானால், பெட்ரோல் பங்க் வரை போய்வரலாம்.